வண்ணம் எப்படிக் காய்கிறது? ஓவியம் பழகத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் ஏப்ரல் மாத மதிய வெக்கையில் நீர்வண்ணம் தீட்டும் மாணவர், தூரிகையைத் தண்ணீரில் நனைத்துத் திரும்புவதற்குள் தாளில் இட்ட வண்ணம் காய்ந்து ஓரத்தில் கோடு விழுந்திருப்பதைக் காண்கிறார். அதே மாணவர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு வந்து, மூடுபனி இறங்கிய காலையில் ஏரிக்கரையில் அமர்ந்தால், வெகுநேரம் ஆகியும் தாள் ஈரமாகவே இருக்கிறது. பல ஆண்டுகளாக ஓவிய வகுப்பு எடுத்துவரும் எனக்கு, தொடக்க நிலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கையில் இருக்கும் பொருள் எப்படிக் காய்கிறது, எப்படி இறுகுகிறது என்று கேட்டறியாததால் நேர்பவை என்பதில் ஐயமே இல்லை.

முதல் தவறு கடையிலேயே தொடங்கிவிடுகிறது. 'கலர்' வேண்டும் என்று கேட்டு, கிடைத்ததை வாங்கி வருகிறோம். எந்த வண்ணத்திலும் அடிப்படையாக இரண்டு பொருள்கள் உண்டு: நிறம் தரும் தூளாகிய நிறமி, அந்தத் தூளைத் தாளிலோ துணியிலோ பிடித்துவைக்கும் பிணைப்பான். காவிக்கல்லை அரைத்த தூளை வேலமரப் பிசினில் குழைத்தால் அது நீர்வண்ணம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் எண்ணெய் வண்ணம். அக்ரிலிக் எனும் பால் போன்ற பிளாஸ்டிக் குழம்பில் கலந்தால் அக்ரிலிக் வண்ணம். வெறும் தண்ணீரில் கரைத்து ஈரச் சுண்ணாம்புச் சுவரில் தீட்டினால் சுவரோவியம். காவி நான்கிலும் ஒன்றுதான். ஊடகத்தின் குணத்தைத் தீர்மானிப்பது பிணைப்பான். ஆகவே குப்பியின் மேல் நிறத்தின் பெயரைப் படிக்கும் முன் வகையின் பெயரைப் படிக்க வேண்டும்.

நீர்வண்ணத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறு வெள்ளையைப் பற்றியது. நீர்வண்ணம் ஒளி ஊடுருவக் கூடியது. ஒளி வண்ணப்படலத்தைக் கடந்து தாளைத் தொட்டுத் திரும்பி வருவதால்தான் அதற்கு அந்தத் துலக்கம் கிடைக்கிறது. அதில் வெள்ளை என்பது தாளே. ஏற்காட்டின் பகோடா முனையில் நின்று பள்ளத்தாக்கை வரையும் மாணவர்கள், மரங்களையெல்லாம் அடர்த்தியாகத் தீட்டிவிட்டு, மூடுபனிக்காக மேலே வெள்ளை போஸ்டர் கலரைப் பூசுகிறார்கள். பனி வருவதில்லை, சுண்ணாம்பு அடித்தது போன்ற ஒரு திட்டு வருகிறது. பனி இருக்கும் இடத்தைத் தொடங்கும்போதே தீர்மானித்து, அந்த இடத்தைத் தண்ணீரால் மட்டும் நனைத்து, மரத்தின் பச்சையை அந்த ஈரத்தின் விளிம்பில் தொட்டுவிட்டால், வண்ணம் தானே கசிந்து மறைகிறது. தீட்டாமல் விட்ட இடம் பனியாக நிற்பதை முதன்முறை காணும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் மீண்டும் மீண்டும் மலையேறுகிறேன்.

நீர்வண்ணத்தில் இரண்டாவது தவறு பொறுமை பற்றியது. பாதி காய்ந்த தாளில் தண்ணீர் மிகுந்த தூரிகையை வைத்தால், புதிய நீர் பழைய வண்ணத்தை வெளிப்புறமாகத் தள்ளி, காலிஃபிளவர் பூவைப் போன்ற கறையை உண்டாக்கும். ஒன்று தாள் நன்றாக ஈரமாக இருக்க வேண்டும், அல்லது முழுவதும் காய்ந்திருக்க வேண்டும்; நடுநிலைதான் ஆபத்து. புறங்கையை வைத்துப் பார்த்துக் குளிர்ச்சி தெரிந்தால் தாள் இன்னும் காயவில்லை என்று பொருள். சேலத்து வெயிலில் இதற்கு நேர்மாறான சிக்கல் என்பதால், அங்கே தாளின் இரு பக்கங்களையும் நனைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. சார்ட் பேப்பரில் நீர்வண்ணம் பழகக் கூடாது. அது நனைந்தவுடன் சுருண்டு, குழிகளில் வண்ணம் தேங்கும். பருத்தியால் ஆன 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் விலை கூடுதல்தான். பெரிய தாளை நான்காகக் கிழித்துப் பயன்படுத்தலாம். நீர்வண்ணம் காய்ந்தபின் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அழுத்தமாகத் தெரியும்படியே தீட்ட வேண்டும்.

அக்ரிலிக் தண்ணீரில் கரைவதால் அதை நீர்வண்ணத்தின் உறவாக நினைத்துவிடுகிறார்கள். தண்ணீர் ஆவியானதும் அது பிளாஸ்டிக் படலமாக மாறுகிறது. பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. மின்விசிறிக்குக் கீழே, கோடையில், தட்டு நிறைய வண்ணத்தைப் பிதுக்கி வைப்பது வீண். ஈரத்துணியின் மேல் எண்ணெய்த்தாளை விரித்து, அதன்மேல் சிறிது சிறிதாக எடுத்துவைத்தால் மணிக்கணக்கில் தாங்கும். தூரிகையை 'அப்புறம் கழுவலாம்' என்று வைத்தால் மறுநாள் அது குச்சி.

எண்ணெய் வண்ணத்தில் ஆவியாக அதிகம் எதுவும் இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. இதனால் மூன்று விதிகள் பிறக்கின்றன. அடிப்படலத்தில் எண்ணெய் குறைவாகவும் மேற்படலத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால், மேற்புறம் முதலில் இறுகி, அடியில் இருப்பது அசையும்போது வெடிக்கும். வெறும் துணியில் நேரடியாகத் தீட்டக் கூடாது. எண்ணெய் நூலை நாளடைவில் அரித்துவிடும் என்பதால் ஜெஸ்ஸோ எனும் வெள்ளை அடிப்பூச்சு தேவை. அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் நிற்காது. இவற்றையெல்லாம்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கிக் குவித்து மூலையில் போட்டால், இறுகும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கக் கூடும். அவற்றை விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய உலோக டப்பாவில் வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் எண்ணெய் வண்ணம் கற்றுத்தருவது சரியல்ல.

பென்சிலில் தவறு செய்ய இடம் குறைவு: 'எச்' கடினம், 'பி' மென்மை, ஒரே பென்சிலை அழுத்தி எல்லா இருளையும் வரவழைக்க முயலாமல் இருந்தால் போதும். கரிக்குச்சி (சார்கோல்) ஓவியத்தில் பிணைப்பான் மிகக் குறைவு என்பதால், தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் திரவத்தைத் தெளிக்காமல் சுருட்டக் கூடாது.

பள்ளிச் சுவர்களில் படம் தீட்ட முன்வரும் இளைஞர்கள் பழைய சுண்ணாம்புச் சுவரில் எனாமல் பெயின்ட்டைப் பூசுகிறார்கள். சுவரின் ஈரம் வெளியேற முடியாமல், ஒரு மழைக்காலத்திலேயே படம் செதில் செதிலாக உரிகிறது. நம் முன்னோர் செய்தது வேறு. ஈரச் சுண்ணாம்புச் சாந்து காற்றின் கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகும்போது நிறமியையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல் கண்டறியப்பட்டபோது, ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அவற்றில் நிறம் நின்றது.

களிமண்ணிலும் இதே பாடம்தான். சூளையில் பொம்மை வெடித்தால் உள்ளே காற்றுக்குமிழி இருந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம், கனமான பகுதிக்குள் காயாமல் தங்கிய ஈரம் நீராவியாவதே. தலை, உடல் போன்ற தடித்த பகுதிகளைக் குடைந்து, பாலித்தீன் போர்த்தி மெதுவாகக் காயவைக்க வேண்டும். ஏற்காட்டில் மழைக்காலத்தில் இதற்கு வாரங்கள் ஆகலாம். களிமண்ணில் கூட்டலாம், குறைக்கலாம்; கல்லில் குறைக்க மட்டுமே முடியும். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் விலங்கின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையைப் பாருங்கள்: அது உள்ளே போடப்பட்டதன்று, அங்கேயே செதுக்கி விடுவிக்கப்பட்டது. உளியை எடுக்கும் முன் முன்புறம், பக்கவாட்டு இரண்டையும் வரைந்துகொள்ளாதவர் இதைச் செய்ய இயலாது.

லினோலியத் தகட்டில் செதுக்கி மை பூசித் தாளில் பதிக்கும் லினோ அச்சில் வடிவம் இடம்வலமாக மாறும் என்பதை மறந்து பெயரைச் செதுக்கி ஏமாறுபவர்கள் உண்டு; எழுத்துகளைக் கண்ணாடியில் பார்த்து வரைந்துகொள்ளவும்.

முடிந்த படத்தைச் சட்டமிடும்போது, தாளைக் கண்ணாடியோடு ஒட்டவைப்பது வழக்கமாகிவிட்டது. ஈரம் நடுவில் தேங்கிப் பூஞ்சணம் பூக்கும், வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விட்டு, நேர் வெயில் விழாத சுவரில் மாட்ட வேண்டும். மலைவீடுகளில் வெளிப்புறச் சுவரைத் தவிர்த்து உட்சுவரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.