வெளிநாட்டுப் பயணம்: மருந்துப் பையைக் கட்டும்போதே தொடங்கும் தவறுகள்

மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் காயல்பட்டினத்திலும் ஒரு பெட்டி எப்போதும் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒருவர் வேலைக்காகத் துபாய் போவார், இன்னொருவர் உம்ராவுக்கு. பாளையங்கோட்டையிலிருந்து மகளின் பேறுகாலத்துக்கு அமெரிக்கா கிளம்பும் அம்மாமாரும் உண்டு. அங்கே போய் உடம்புக்கு வரும் சிக்கல்களில் பலவற்றுக்கு வித்து இங்கேயே, திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ வண்டி ஏறும் முன்பே விழுந்துவிடுகிறது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வருவார். கையில் அல்வாப் பொட்டலம், அதோடு இரண்டு அட்டை மாத்திரை. "அண்ணாச்சி, தம்பிக்கு முதுகுவலி மாத்திரை. அங்க கிடைக்க மாட்டேங்குதாம். கையில குடுத்துருங்க." ஏன் கிடைக்கவில்லை என்று யாரும் யோசிப்பதில்லை. அது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக இருக்கலாம். வலிக்குத் தரும் டிரமடால், இருமல் மருந்தில் சேரும் கோடீன், தூக்கத்துக்கும் படபடப்புக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசிபாம் எல்லாம் வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாட்டில் இருப்பவை. சுங்கத்தில் பிடிபட்டால், பை யாருடையதோ அவரே பொறுப்பு. "எனக்குத் தெரியாது, கொடுத்துவிட்டார்கள்" என்பது அங்கே எடுபடாது. மறுப்பது சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுத்துவிடுங்கள். அந்தத் தம்பிக்கு முதுகுவலி என்றால் அங்குள்ள மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் சொந்த மாத்திரையிலும் இதே ஆபத்து ஒளிந்திருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் எரிச்சல், மதமதப்புக்கு எழுதித் தரும் மாத்திரைகளில் பிரிகாபலின் என்ற மருந்தும் மெத்தில்கோபாலமின் என்ற வைட்டமினும் சேர்ந்தே இருப்பது வழக்கம். வீட்டில் அதை "நரம்புச் சத்து மாத்திரை" என்றே சொல்வார்கள். அமீரகத்திலும் சவுதியிலும் பிரிகாபலின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. மூட்டுவலி மாத்திரையில் பாரசிட்டமாலோடு டிரமடால் கலந்திருப்பதும் அப்படித்தான். எனவே அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, படியுங்கள். பட்டியலில் உள்ள மருந்து என்றால் ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் மாற்று கேளுங்கள், அல்லது அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் முன்அனுமதி வாங்குங்கள். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பிரிகாபலினையும் தூக்க மாத்திரைகளையும் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

மருந்துக் கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பத்து மாத்திரையில் ஆறை வெட்டினால் மருந்தின் பெயர் ஒரு துண்டிலும் காலாவதித் தேதி இன்னொரு துண்டிலும் போய்விடும். பயணத்துக்கு முழு அட்டையாகவே வாங்குங்கள், கடை ரசீதோடு. மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும் அளவும் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கே பிரபலமான கம்பெனிப் பெயர் அங்குள்ள மருந்தாளருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பாரசிட்டமாலுக்கே அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர். லேபிள் இல்லாத சூரணம், லேகியம், டப்பாவில் கட்டிய பொடி எதையும் எடுத்துப் போகாதீர்கள். அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் கசகசா இருந்தால் அதையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அமீரகத்திலும் சவுதியிலும் கசகசாவுக்குத் தடை இருக்கிறது.

இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பல வெளிநாடுகளில் குப்பி மில்லிக்கு 100 யூனிட், சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. இங்கிருந்து கொண்டுபோன இன்சுலின் தீர்ந்து, அங்கே குப்பி வாங்கி, கையில் இருக்கும் பழைய சிவப்பு மூடிச் சிரிஞ்சிலேயே "20 யூனிட்" இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி, தூக்கத்திலேயே நினைவு தப்பிவிடலாம். குப்பியும் சிரிஞ்சும் ஒரே அளவில் இருக்க வேண்டும். தேவைக்கு இரண்டு மடங்கு இன்சுலினும் சிரிஞ்சும் இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது. பேனா வகையில் வரும் கார்ட்ரிட்ஜ் இங்கும் மில்லிக்கு 100 யூனிட்தான் என்பதால் அதில் இந்தக் குழப்பம் குறைவு.

இன்சுலினை லக்கேஜில் போடக் கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் அது உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது. கைப்பையில், மருந்துச் சீட்டோடு வையுங்கள். ஐஸ் பையை ஒட்டி வைப்பதும் இதே தவறுதான், நடுவில் ஒரு துண்டைச் சுற்றுங்கள். திறந்த குப்பி 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான வகைகள் சுமார் 28 நாள் தாங்கும். வளைகுடா வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரம்கூட வைக்காதீர்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவியிலும் ஒரு பொறி உண்டு. சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் மில்லிமோல் கணக்கு. அங்கே 10 என்று காட்டினால் நம் கணக்கில் 180. "பத்துதானே இருக்கு" என்று பதறி இனிப்பைத் திணிக்க வேண்டாம், 18-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

வெயில் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தன்னம்பிக்கை. திருநெல்வேலி வெயிலில் வளர்ந்தவனை என்ன செய்துவிடும் என்பார்கள். துபாயிலும் தோஹாவிலும் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாவதில்லை, உடம்பு குளிர வழியில்லை. இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் பழைய ஆளுக்கும் உடம்பின் பழக்கம் விட்டுப்போயிருக்கும். மீண்டும் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாளே முழு வேலை பார்க்காதீர்கள். தாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அது உங்கள் உரிமை. கூட வேலை பார்ப்பவர் பேச்சுக் குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ அது வெப்பவாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர வைப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்ட வேண்டாம்.

ஹஜ்ஜிலும் இதே கதைதான். 2024 ஜூன் ஹஜ்ஜில் மக்காவில் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது, 1,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர் பிரிய வைக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் அளவைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஹஜ், உம்ராவுக்கான, மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசியைச் சவுதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளுக்கான மஞ்சள் காய்ச்சல் ஊசியும் 10 நாள் கழித்தே செல்லுபடியாகும். அதைச் சென்னை கிண்டி கிங் நிலையம் போல அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட முடியும், தெருமுனை கிளினிக் சான்றிதழ் செல்லாது.

வேலை விசாவுக்கான மெடிக்கலில் 'ஃபிட்' வந்துவிட்டால் உடம்பில் ஒன்றும் இல்லை என்று நம்புவது இன்னொரு தவறு. அந்தப் பரிசோதனையில் முக்கியமாகப் பார்ப்பது காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் போன்ற தொற்றுகளை. இதய ரத்தக்குழாய் அடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சில் பாரம், படியேறினால் மூச்சு வாங்குவது இருந்தால் தனியாகப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சொத்தைப் பல்லையும் இங்கேயே அடைத்துவிடுங்கள்.

காப்பீடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வெளிநாட்டில் செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சுகர், பிரஷரை மறைத்தால் பிரீமியம் கொஞ்சம் குறையும். மாரடைப்பு வந்து பணம் கேட்கும்போது பழைய மருந்துச் சீட்டு வெளியே வரும், மொத்தமும் மறுக்கப்படலாம். ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள் என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மருத்துவமனையில் சேரும் முன்போ, முடியாவிட்டால் சேர்ந்தவுடனோ பாலிசியில் உள்ள உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் காய்ச்சல், சிறுகாயம் போன்றவற்றுக்கு 'அர்ஜென்ட் கேர்' கிளினிக் போதும், அவசரப் பிரிவுக்குப் போனால் பில் பல மடங்கு ஆகும். நெஞ்சுவலிக்கு மட்டும் இந்தக் கணக்கைப் பார்க்காதீர்கள்.

பதற்றத்தில் கை 108-ஐத்தான் தேடும். ஆம்புலன்ஸுக்கு அமீரகத்தில் 998, சவுதியில் 997, கத்தாரிலும் மலேசியாவிலும் 999, சிங்கப்பூரில் 995, இலங்கையில் 1990, அமெரிக்காவில் 911. போகும் நாட்டு எண்ணை அப்பா, அம்மா கைப்பேசியில் இங்கேயே பதிந்து கொடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சலை "தண்ணி மாறினது" என்று தள்ளாதீர்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மூளை மலேரியா ஓரிரு நாளில் உயிரை எடுத்துவிடும், அது வாரங்கள் கழித்தும் தலைகாட்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்துவதும் தவறு. டாக்சிசைக்ளின் என்றால் திரும்பி நான்கு வாரம் தொடர வேண்டும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையோ வண்ணார்பேட்டைத் தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் காய்ச்சல் எத்தனை நாள் என்பதற்கு முன்னால் எந்த நாட்டிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பாரசிட்டமால் மட்டும் போதும். டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவை அதிகப்படுத்திவிடும்.