மின்சாரக் கார் வாங்குமுன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

மின்சாரக் கார் வாங்கலாமா என்று காரைக்குடிப் பக்கம் யார் கேட்டாலும் முதல் கேள்வி "ஒரு சார்ஜில் எவ்வளவு ஓடும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "கரண்ட் மீட்டர் யார் பேரில் இருக்கு?"

சிரிப்பார்கள். ஆனால் இங்கே பலர் சறுக்குவது அங்கேதான். குடும்பத்துக்குப் பொதுவான வளவு வீட்டு மீட்டர் இன்னும் ஐயா பேரில் இருக்கும்; பங்காளிகள் நாலு ஊரில் இருப்பார்கள். சார்ஜருக்காக லோடு கூட்டப் போனால் பெயர் மாற்றம், கையெழுத்து என்று பேச்சு நீளும். வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது எர்த், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. காரோடு தரும் சிறிய சார்ஜருக்கு 15 ஆம்பியர் பிளக் போதும், உண்மைதான். ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் அது சார்ஜ் ஏற்றாது. பாதுகாப்புக்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் மண்ணோ செம்புறாங்கல், கோடையில் பொட்டு ஈரம் இருக்காது. எங்கள் வீட்டில் முதல் ராத்திரி சிவப்பு விளக்குதான் எரிந்தது. வண்டியில் கோளாறு என்று ஷோரூமுக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். கடைசியில் எலக்ட்ரீஷியன் வந்து புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பச்சை விளக்கைப் பார்த்தோம். பேட்டரி ஆராய்ச்சி செய்யும் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், 1953 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் வயர் அதைவிட மூத்ததாக இருந்தால் என்ன செய்வது? வீட்டுக்குள் பட்டாசாலைக் கூடத்திலிருந்து வாசல்வரை எக்ஸ்டென்ஷன் வயர் இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எட்டு மணி நேரம் 3 கிலோவாட் இழுத்தால் மெல்லிய வயர் உருகிவிடும்.

இனி ஐந்தொகை, அதாவது வரவு செலவுக் கணக்கு. கிலோமீட்டருக்கு ஐம்பது காசு என்று விற்பவர் சொல்வார். மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் சிறிய காருக்குச் சுமார் 130 யூனிட், இரண்டு மாதத்துக்கு 260. ஏற்கெனவே 300 யூனிட் செலவாகும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கீழ்ப் படியின் மலிவுக் கட்டணமும் போய்விடும். ஆக, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், ஒன்றேகால் ரூபாய் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டி நிற்கையில் 18 கி.மீ. தரும் கார் ஐந்தரை ரூபாய் தின்னும். மிச்சம் நாலு ரூபாய்ச் சொச்சம்.

காரின் விலை மூன்று லட்சம் கூடுதல் என்றால், அந்த நாலு ரூபாயில் அதை மீட்க 75,000 கி.மீ. ஓட வேண்டும். தினம் தேவகோட்டைக்கோ திருப்பத்தூருக்கோ போய்வந்து மாதம் 1,000 கி.மீ. ஓட்டும் வியாபாரிக்கு ஆறு வருஷம். பிள்ளையார்பட்டிக்கும் கல்யாண வீட்டுக்கும் மாதம் 300 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இருபது வருஷம்! பேட்டரி உத்தரவாதமே பெரும்பாலும் எட்டு வருஷம், 1,60,000 கி.மீ. தான். இவருக்குப் பழைய பெட்ரோல் காரே போதும் என்பது என் கட்சி.

பழைய கணக்கையும் நம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாக இறங்கியது. மின்சாரக் காருக்கு முன்போலவே 5. விலை இடைவெளி மாறிவிட்டது. கார்க் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவில் ஒன்றரை லட்சம் வரிக்கழிவு உண்டு என்று இன்னும் சொல்கிறார்கள். அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு மட்டும். சாலை வரி விலக்கு கெடு வைத்து வருவது. பதிவு செய்யும் நாளில் நடப்பில் உள்ளதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தூரம் பற்றிச் சுருக்கமாக: காகிதத்தில் 315 கி.மீ. என்றிருந்தால் ஏசியோடு 200 என்று கொள்ளுங்கள். மதுரை போய்த் திரும்ப 180-ஐ நெருங்கும், அங்கே கொஞ்சம் ஏற்றிக்கொண்டால்தான் நிம்மதி. எம்ஜி காமெட் என்ற குட்டிக் காரில் 17.3 கிலோவாட் மணி பேட்டரிதான். விரைவு டிசி சார்ஜிங் கிடையாது. ஊருக்குள் ஓட்டத் தோதான வண்டி, சென்னைக்கு ஆகாது.

கடைசியாக, நம்மூருக்கே உரிய ஒரு தவறு. திருவிழாவுக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் வந்து போகிறவர்கள் வண்டியை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். நூறு விழுக்காட்டோடு மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். பாதி அளவில் விட்டு, நிழலில் நிறுத்துங்கள். உள்ளே 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்று தனியாக இருக்கிறது. அது இறங்கினால் பெரிய பேட்டரியில் எவ்வளவு இருந்தாலும் வண்டி கண் திறக்காது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கண்டனூர்வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.