சாட்டிலைட் டேட்டா, மாடல் ரெண்டையும் வச்சு காத்து மாசு பாக்குறது எப்படி

சாட்டிலைட் மேப்ல ஒரு இடம் சிவப்பா தெரிஞ்சா உடனே அங்க காத்து மோசம்னு ஸ்க்ரீன்ஷாட் போட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. சாட்டிலைட் பாக்குறது தரையிலருந்து மேல வரைக்கும் இருக்குற மொத்த அளவ. காட்டுத்தீ புகையோ பாலைவனத் தூசியோ ரெண்டு மூணு கிலோமீட்டர் உயரத்துல நகந்துட்டு இருந்தாலும் மேப் சிவக்கும், ஆனா கீழ நாம மூச்சு விடுற காத்து நல்லாவே இருக்கலாம்.

அதனால மாடல்லருந்து, அதாவது மாசு எங்க எப்படி பரவும்னு கம்ப்யூட்டர்ல போடுற கணக்குலருந்து ஆரம்பிங்க. ஐரோப்பாவோட கோப்பர்நிகஸ் திட்டத்துல கேம்ஸ்னு ஒரு சேவை இருக்கு, சாட்டிலைட் அளவுகள மாடலுக்குள்ள சேத்து தினமும் ரெண்டு தடவ உலகம் முழுக்க அடுத்த 5 நாளுக்கு ஃபோர்காஸ்ட் குடுக்குறாங்க. அவங்களோட அட்மாஸ்ஃபியர் டேட்டா ஸ்டோர்ங்கிற வெப்சைட்ல அக்கவுண்ட் போட்டா இலவசமாவே டவுன்லோட் பண்ணலாம். பிஎம் 2.5 (காத்துல மிதக்குற ரொம்ப நுண்ணிய தூசு) ஃபைல திறந்தா 0.000000035 மாதிரி ஒரு நம்பர் இருக்கும், பாத்துட்டு ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க, அது ஒரு கன மீட்டருக்கு எத்தன கிலோகிராம்ங்கிற கணக்கு, 100 கோடியால பெருக்குனா 35 மைக்ரோகிராம்னு வந்துடும். நேரம் எல்லாம் யூடிசில (உலகப் பொது நேரம்) இருக்கும், உங்க நேரத்துக்கு மாத்திக்கோங்க.

அடுத்து சாட்டிலைட். 2017 அக்டோபர்ல ஏவுன சென்டினல்-5பி சாட்டிலைட்ல இருக்குற ட்ரோபோமி கருவி, வண்டி, ஃபேக்டரி புகையில வர்ற நைட்ரஜன் டை ஆக்சைடு வாயுவ பாக்க ரொம்ப நல்லது, ஆனா அது ஒவ்வொரு இடத்தையும் உள்ளூர் நேரம் மதியம் ஒன்றரை மணி வாக்குலதான் கடக்கும், காலையிலயும் சாயங்காலமும் ட்ராஃபிக்கால ஏறுற மாசு அதுல சிக்காது. ஃபைலுக்குள்ள அந்தந்த அளவ எவ்ளோ நம்பலாம்னு சொல்ற க்யூஏ வேல்யூன்னு ஒண்ணு இருக்கும், நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு 0.75க்கு மேல இருக்குற பிக்சல மட்டும் எடுங்க, மீதி பெரும்பாலும் மேகம் மறைச்சது. அந்த காலி இடத்துல பூஜ்யம் போட்டு சராசரி எடுத்துடாதீங்க, மாசே இல்லாத மாதிரி காட்டும், இதான் நிறைய பேரோட மேப்ப கெடுக்குது. ஒரே நாள் படத்த விட ஒரு மாச சராசரி எடுத்தா ஃபேக்டரி, பவர் ப்ளான்ட் எல்லாம் பளிச்னு தெரியும்.

ஃபோர்காஸ்ட்ட எவ்ளோ நம்பலாம்னு பாக்க, வர்ற வெள்ளிக்கிழமைக்கு நேத்து ரன் (நேத்து ஓட்டுன மாடல் கணிப்பு) என்ன சொல்லுச்சு இன்னைக்கு ரன் என்ன சொல்லுதுன்னு பக்கத்துல பக்கத்துல வைங்க. புகை வேற திசைக்கு மாறியிருந்தா இன்னும் முடிவு பண்ணாதீங்க. நாளைக்கு எங்க புதுசா தீ பத்தும்னு மாடலுக்குத் தெரியாது, அதனால புகை சீசன்ல அந்த 5 நாள்ல கடைசி ரெண்டு நாளுக்கான கணிப்ப கொஞ்சம் சந்தேகத்தோடவே பாருங்க.

கடைசியா தரை ஸ்டேஷன், அதாவது தரையிலயே காத்து மாச நேரடியா அளக்குற இடம். ரெண்டு வாரத்து அளவ அதே மணி நேரத்து மாடல் அளவோட ஒப்பிட்டா மாடல் அங்க கூட காட்டுதா கம்மியா காட்டுதான்னு புடிபடும், அத வச்சு திருத்திக்கலாம். ஆனா ரோட்டோர ஸ்டேஷன எடுக்காதீங்க, மாடல் உலகத்த கட்டம் கட்டமா பிரிச்சுதான் கணக்கு போடுது, அதுல ஒரு கட்டமே சுமார் 40 கிலோமீட்டர், ஒரு சிக்னல் பக்கத்துல வர்ற புகைய அதுகிட்ட எதிர்பாக்க முடியாது.