தஞ்சாவூரை இரண்டு நாளில் நிதானமாகப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

நான் முதல்முறை தஞ்சாவூர் போனபோது பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்க வண்டி பேசியிருந்தோம். பெரிய கோயிலுக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. கல்தளத்தில் கால் வைக்க முடியவில்லை. அரண்மனைக் கலைக்கூடத்துக்குக் கிடைத்தது இருபது நிமிடம். வீடு திரும்பியபின் யோசித்தால் ஒரு சிலையின் முகம்கூட நினைவில் இல்லை. அதற்குப் பிறகு பலமுறை போய்த் திருத்திக்கொண்ட திட்டம் இது. தாராசுரத்துக்கு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். இந்த இரண்டு நாளும் தஞ்சாவூருக்கும் பக்கத்துத் திருவையாற்றுக்கும் மட்டும்.

முதல் படி: நாளும் அறையும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். ஜனவரியில் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது சிரமம், அதனால் தேதியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். அறையைப் பழைய பேருந்து நிலையம் பக்கம் எடுங்கள். அங்கிருந்து கோயிலும் அரண்மனையும் நடக்கிற தூரம்தான். புதிய பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கினால் நகரப் பேருந்து பிடிக்க வேண்டும்.

இரண்டாம் படி: முதல் நாள் காலை, கலைக்கூடம்

எல்லோரும் நேரே கோயிலுக்குத்தான் போவார்கள். நீங்கள் அரண்மனைக்குப் போங்கள். நாயக்கர்கள் கட்டி, பின்னால் மராட்டியர் வாழ்ந்த அரண்மனை அது. அதற்குள்தான் 1951-ல் தொடங்கிய கலைக்கூடம் இருக்கிறது. அங்குள்ள செப்புத் திருமேனிகளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏன் முதலில் இங்கே? கோயிலில் உற்சவர் பட்டும் மாலையும் அணிந்து நிற்பார். முகமும் கையும்தான் நமக்குத் தெரியும். இடுப்பின் வளைவு, முதுகு, இடையில் கட்டிய ஆடையின் மடிப்பு எல்லாம் உள்ளே மறைந்திருக்கும். சிற்பி தேன்மெழுகிலும் குங்கிலியத்திலும் உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றியிருப்பார். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும் என்பதால் அதே அச்சில் இன்னொன்று வார்க்க முடியாது. அவர் செய்ததை முழுசாகப் பார்க்கிற வாய்ப்பு இந்தக் கூடத்தில்தான்.

எப்படிப் பார்ப்பது? பீடத்திலிருந்து தொடங்குங்கள். கழி செருகுவதற்கான துளைகளோ வளையங்களோ இருக்கும். வீதியுலாவுக்குத் தூக்கிச் சென்ற திருமேனி என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். அடுத்து உடல் எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பாருங்கள். அதற்கேற்ப இடுப்பும் தோளும் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும். பிறகு விரல்கள். முகத்துக்குக் கடைசியாக வாருங்கள். சுற்றி வர வழி இருந்தால் கட்டாயம் பின்பக்கமும் பாருங்கள்.

நான் அதிக நேரம் நிற்பது திருவெண்காடு என்ற ஊரில் கிடைத்த ரிஷபவாகனர், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவன் முன்னால். 1011-ல், ராஜராஜன் காலத்திலேயே செய்தது. சடையைப் பாம்புகளோடு சுற்றித் தலைப்பாகை போலக் கட்டியிருப்பார். ஒரு காலைச் சற்றே குறுக்கே வைத்து, ஒரு கையைக் காளையின்மேல் ஊன்றி நிற்கிறார். காளை இல்லை, அது கிடைக்கவே இல்லை. ஆனாலும் அந்தக் கை ஊன்றியிருக்கிற விதத்தில் காளையின் உயரம்கூடத் தெரிகிறது! பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு செய்யப்பட்டவர். பல நூற்றாண்டு மண்ணுக்குள் புதைந்து கிடந்து, 1950-களின் தொடக்கத்தில் வெளிப்பட்ட திருமேனிகள் இவை.

அதே ஊரின் கல்யாணசுந்தரர் தொகுதியையும் விட்டுவிடாதீர்கள். சிவன் கைப்பிடிக்க, பார்வதி தலையை லேசாகத் தாழ்த்தியிருப்பார், பின்னால் லட்சுமி துணை நிற்பார். நம் வீட்டுக் கல்யாணப் படங்களில் எத்தனை முறை பார்த்த நிலை! வேறு நேரமில்லை என்றால் இந்த இரண்டு மட்டும் போதும்.

அப்புறம் சரஸ்வதி மகால் நூலகத்தின் சிறு காட்சிக்கூடம். ஓலைச்சுவடிகளும் ஓவியங்களும் பார்க்க அரை மணி நேரம் எடுக்கும். அதை வளர்த்த மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் வெள்ளைப் பளிங்குச் சிலை கலைக்கூட வளாகத்திலேயே கைகூப்பி நிற்கிறது. செய்தவர் ஜான் பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பி. பெயரை நினைவில் வையுங்கள், நாளை மறுபடி வருவார்.

மதியம் வாழை இலைச் சாப்பாடு, அறையில் ஒரு தூக்கம். கோயில் நடுப்பகலில் சாத்தியிருக்கும், எனவே ஓய்வெடுப்பதில் நஷ்டமே இல்லை.

மூன்றாம் படி: மாலையில் பெரிய கோயில்

நடை திறக்கும் நான்கு மணியளவில் போய்விடுங்கள். கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் தாண்டினால் எதிரே சுமார் 216 அடி உயர விமானம். கிழக்கு பார்த்த கோயில் என்பதால் மாலை வெயில் பின்பக்கத்தில்தான் விழும். வலம் வந்து மேற்குத் திருச்சுற்றில் உட்காருங்கள். கல் மஞ்சளாகி, பிறகு செம்மையாகும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொல்வார்கள். விழும், நீங்களே பார்க்கலாம்.

நந்தியும் நுணுக்க வேலைப்பாடு கொண்ட சுப்பிரமணியர் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. சோழர் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கண் நன்றாகப் பழகும். கருவறையைச் சுற்றிய உள் அறையில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931-ல் தெரியவந்தது. அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. வளாகத்துக் காட்சிக்கூடத்தில் அதன் படங்கள் உண்டு.

இரவுக்கு இட்லியும் கடப்பாவும். கடப்பா தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பண்டம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு அரைத்துவிட்டுச் செய்வது. புளி கிடையாது. எல்லாக் கடையிலும் தினமும் போடமாட்டார்கள். உட்காரும் முன்பே, "இன்னைக்குக் கடப்பா இருக்காண்ணே?" என்று கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: மறுநாள் காலை, மறுபடி கோயில்

ஆறரை மணிக்குள். கல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இராது. இப்போது கல்வெட்டு பாருங்கள். "நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்" எல்லாவற்றையும் விமானத்தில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். அக்கன் என்பது குந்தவை. தன் கொடைக்குப் பக்கத்திலேயே மற்றவர் கொடையையும் எழுதவைத்தான் என்பது எனக்கு அந்த உயரத்தைவிடப் பெரிதாகப்படுகிறது. பழைய எழுத்துதான், இருந்தாலும் 'ட', 'ப', 'ம' போலச் சில எழுத்துகள் பிடிபடும். குழந்தைகள் கூட இருந்தால் அவர்களைத் தேடச் சொல்லுங்கள்.

வெளியே வந்து பித்தளை டபராவில் ஒரு காபி. பிறகு சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் 1779-ல் கட்டிய ஷ்வார்ட்ஸ் தேவாலயம். மரணப்படுக்கையில் இருக்கும் பாதிரியார் ஷ்வார்ட்ஸைச் சரபோஜி பார்க்க வரும் காட்சியைப் பளிங்கில் செதுக்கியிருப்பவர், நேற்றுப் பார்த்த அதே பிளாக்ஸ்மன்.

தலையாட்டி பொம்மை வாங்குவதானால் விரலால் தட்டிப் பாருங்கள். சாய்ந்தது தானே நிமிர வேண்டும்.

ஐந்தாம் படி: திருவையாறு

13 கிலோமீட்டர், நகரப் பேருந்தே போதும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஆறுகளை எண்ணுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறப்பரைத் தரிசித்து, கரையோரம் தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, கடைத்தெருவுக்கு வாருங்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அசோகா அல்வா இங்கே பெயர் பெற்றது. சூடாக, வாழை இலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடுங்கள். வீட்டுக்கு வாங்குவதைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், நெய் கசியும். இரவு ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே தஞ்சாவூர் பேருந்து ஏறிவிடுங்கள்.