கடலோர ஊரில் தனியாகச் சில நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

கடலோர ஊருக்குத் தனியாகப் போய்ச் சில நாள் சும்மா இருந்துவிட்டு வருவது எப்படி? சும்மா இருப்பதற்கெல்லாம் ஒரு செய்முறையா என்று கேட்பீர்கள். வேண்டியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியலோடு ஓடினால் அதுவும் இன்னொரு ஆபீஸ்தான். கடலின் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி தானாக அமைந்துவிடும்.

1. நாள் குறிப்பது

விடுமுறைக் கூட்டத்தையும் புயல் பருவத்தையும் தவிர்த்துவிடுங்கள். அப்புறம் காலண்டரில் பிறையைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். பாறைக் குட்டைகளில் நண்டும் சிப்பியும் பார்க்க ஆசை என்றால் அந்த நாட்கள்தான் சரி.

2. அறை

ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை. தனி ஆளுக்கு நான் சொல்வது, இரண்டு தெரு உள்ளே தள்ளி, கரைக்கு நடந்தே போகும் தூரத்தில், ராத்திரியில் வெளிச்சம் இருக்கிற வழியில் ஓர் அறை. முதல் இரண்டு இரவுக்கு மட்டும் பதிவு செய்தால் போதும், பிடித்திருந்தால் நீட்டிக்கலாம். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். எங்கே தங்குகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

3. கடலின் நேரம்

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 மணி 12 நிமிடம். மறுநாள் எல்லாமே சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை 7 மணிக்கு வற்றினால் மதியம் ஒன்றேகால் வாக்கில் ஏற்றம், நாளைக் காலை வற்றுவது 7.50க்கு. அந்த ஊருக்கான அட்டவணை இணையத்தில் கிடைக்கும், முதல் நாளே பார்த்து வையுங்கள்.

இதை வைத்துத்தான் நாளை அமைக்க வேண்டும். வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நடக்கக் கிளம்புங்கள், தண்ணீர் விலகிய ஈர மணல் கெட்டியாக இருக்கும், கால் புதையாது. வற்றி முடிந்ததும் திரும்பிவிடுங்கள். பாறை முனையைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் இது ரொம்ப முக்கியம், போன வழி தண்ணீருக்குள் போய்விடும், கூப்பிட்டால் ஓடிவரப் பக்கத்தில் ஆள் இருக்காது.

4. தண்ணீரில் இறங்கும் முன்

பத்து நிமிடம் மேட்டில் நின்று வெறுமனே பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும் பட்டை ஒன்று இருக்கலாம். புதிதாக வருகிறவர்கள் இறங்கத் தோதான இடம் என்று அதைத்தான் நினைப்பார்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் இழுவிசை நீரோட்டம் அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீர்கள், களைத்துவிடுவீர்கள். மிதந்தபடி கையை அசைத்துக் கூப்பிடுங்கள், தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியேறிய பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவில்தான் உயிர்காப்பாளர்களின் கண் இருக்கும். தனியாக வந்தவருக்கு அதுதான் இடம். சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

5. வெயில் நேரம்

10 மணியிலிருந்து 4 மணி வரை நிழல். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதாக் கதிர் வரும், மணலில் பட்டும் எதிரொளிக்கும். எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசுங்கள், முதுகுக்குக் கை எட்டாது, மெல்லிய முழுக்கைச் சட்டையே மேல். தனியாகச் சாப்பிட உட்காரக் கூச்சமாக இருந்தால் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுங்கள், நாலு பேர் மேசையை ஒருவராக அடைத்துக்கொண்டிருக்கிறோமே என்ற குறுகுறுப்பு இருக்காது. சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

6. சாமான்

குளிக்கப் போகும்போது அறைச் சாவியும் கொஞ்சம் பணமும் போதும், இரண்டையும் தண்ணீர் புகாத பையில் போட்டு இடுப்பிலேயே கட்டிக்கொள்ளுங்கள். போன் அறையிலேயே இருக்கட்டும். கேமராவைத் தினமும் ராத்திரி நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியாலும் ஒருமுறை துடையுங்கள், உப்பு படிந்தால் அரித்துவிடும்.