சூரியன் செத்தா எந்த கிரகம் தப்பிக்கும்? மொபைல் கால்குலேட்டர் போதும், நாமளே பாத்துடலாம்

சூரியன் கடைசி காலத்துல ரெட் ஜெயன்ட், அதாவது ஊதிப்போன செந்நிற ராட்சசன் ஆனா பூமி காலின்னு எல்லாரும் சொல்லுவாங்க, சரி அப்போ வியாழன் என்ன ஆகும், அதோட நிலாவெல்லாம் எங்க போகும்னு கேட்டா முழிப்பாங்க. வகுக்கத் தெரிஞ்சா போதும்ங்க, பெரிய வித்தை ஒன்னும் இல்ல.

மொதல்ல எடை. சாகப்போற நட்சத்திரம் தன் மேல் அடுக்கையெல்லாம் ஊதித் தள்ளிட்டே இருக்கும், கடைசில சூரியன் வெள்ளைக் குள்ளனா (செத்த நட்சத்திரத்தோட மிச்சமான சின்ன, அடர்த்தியான உருண்டை) சுருங்கும்போது இப்ப இருக்கிற எடைல சுமார் 0.54 பங்குதான் மிஞ்சும். எடை குறைய குறைய பிடி தளரும், கிரகம் மெதுவா வெளிய நகரும். அதனால இப்ப இருக்கிற தூரத்தை 0.54ஆல வகுங்க. வியாழன் 77.8 கோடி கிமீ, வகுத்தா 144 கோடி, அதாவது இன்னிக்கு சனி சுத்துற இடத்துக்கே போயிடும்! சூரியனை ஒரு சுத்து சுத்த எத்தன வருஷம்னு வேணும்னா இப்ப ஆகிற வருஷத்தை அதே 0.54ஆல ரெண்டு தடவ வகுக்கணும், வியாழனோட 11.9 வருஷம் கிட்டத்தட்ட 41 ஆயிடும்.

அடுத்தது சைஸ், இங்கதான் நான் மொதல்ல ஏமாந்தேன். ரெட் ஜெயன்ட் உச்சத்துல சூரியன் இப்ப இருக்கறத விட 256 மடங்கு ஊதும்னு 2008ல ஷ்ரோடர், ஸ்மித்னு ரெண்டு வானியலாளர்கள் கணக்கு போட்டாங்க, அதாவது மையத்துலருந்து சுமார் 18 கோடி கிமீ. புதன், வெள்ளி ரெண்டும் அதுக்குள்ள போயிடும். அந்த நேரத்துல மூணுல ஒரு பங்கு எடை போயிருக்கும், அதனால பூமியோட தூரம் 15 கோடி கிமீய 0.67ஆல வகுத்தா 22 கோடி வருது, அப்பாடா தப்பிச்சோம்னு தோணும். ஆனா பூமியோட ஈர்ப்பு சூரியன் மேல ஒரு புடைப்பை கிளப்பும், உப்பிப்போன சூரியன் ரொம்ப மெதுவா சுத்துறதால அந்த புடைப்பு பின்தங்கி பூமியை பின்னாடி பிடிச்சு இழுக்கும், பூமி சுருண்டு உள்ள விழும்னுதான் அவங்க முடிவு. அதனால கிரகத்தோட தூரம், சூரியனோட சைஸ் ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல வந்தா வகுத்தலை நம்பாதீங்க.

நிலாவுக்கு இவ்ளோ கஷ்டம் இல்ல. வியாழனோட எடை மாறாது, அதனால அதோட நிலா யூரோப்பா அதே 6.7 லட்சம் கிமீல சுத்தும் (மேல இருக்கிற ஐஸ் உருகிப்போறது வேற கதை). வியாழன் தன் நிலாக்களை பிடிச்சு வெச்சுக்கற எல்லையும் ரெண்டு மடங்குக்கு மேல பெருசாகும், எப்படின்னா 1ஐ 0.54ஆல வகுத்து அதோட 4/3 அடுக்கு எடுங்க, 2.27 வரும்.

இப்ப நிஜ நட்சத்திரத்துக்கு வாங்க. 80 ஒளியாண்டு தூரத்துல டபிள்யூடி 1856ன்னு ஒரு வெள்ளைக் குள்ளன், அதை வியாழன் சைஸ்ல ஒரு கிரகம் 34 மணி நேரத்துக்கு ஒரு தடவ சுத்துதுன்னு 2020ல சொன்னாங்க. தூரம் வெறும் 30 லட்சம் கிமீ! நட்சத்திரம் ஊதின காலத்துல அங்க இருந்திருந்தா அதோட வயித்துக்குள்ளதான் இருந்திருக்கும், அதனால பிற்பாடு எப்பவோ உள்ள தள்ளப்பட்டிருக்கலாம், இல்ல விழுங்கப்பட்டும் பிழைச்சு வந்திருக்கலாம். இதைவிட கிட்ட, வெள்ளைக் குள்ளனுக்கு ஒரு 7 லட்சம் கிமீ பக்கத்துல ஒரு பாறை போனா கதை முடிஞ்சுது, அதோட ஈர்ப்பு இழுத்து நொறுக்கிடும். டபிள்யூடி 1145ங்கிற இன்னொரு வெள்ளைக் குள்ளன்ல 2015ல பாத்தது அதைத்தான், உடைஞ்ச துண்டுங்க தூசிய இழுத்துக்கிட்டு நாலரை மணி நேரத்துக்கு ஒரு சுத்து.