மாநாட்டுக் கூடத்தில் பேட்டி பதிவு செய்யப் போகிறீர்களா?

பாட்காஸ்ட் மாநாட்டில் மேடை உரைகளைவிட வராந்தாவில் சிக்கும் பேட்டிகள்தான் லாபம். அவற்றைக் கெடுப்பது இரைச்சல்.

வயர்லெஸ் காலர் மைக்கை அங்கே நம்ப வேண்டாம். மலிவான செட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. கூட்டத்தின் வைஃபையும் புளூடூத்தும் அதிலேயே ஓடுவதால் குரல் நடுநடுவே அறுந்துவிடும். கேபிள் போட்ட டைனமிக் கை மைக்கே (கிட்டத்துக் குரலையே முக்கியமாகப் பிடிக்கும் வகை) உத்தமம். அதிலும் முன்பக்கத்தை நோக்கிக் கேட்கும் கார்டியாய்டு வகை பின்பக்கத்து ஒலியை அதிகம் வாங்காது. ஆகவே மைக்கின் வால்பக்கம் மேடை ஸ்பீக்கரைப் பார்க்கும்படி நில்லுங்கள். பேசுபவருக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தால் சத்தம் திரும்பி வரும், திரைச்சீலை தேவலை.

மைக்கை விருந்தினர் கையில் கொடுக்காதீர்கள், இரண்டாவது வாக்கியத்திலேயே நெஞ்சுவரை இறங்கிவிடும். வாயிலிருந்து நான்கு விரல் தூரம், சற்றே பக்கவாட்டில். நேர் எதிரே பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். ரெக்கார்டரில் 24 பிட் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு, குரலின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலுக்குள் (0-வைத் தாண்டினால் ஒலி சிதையும்). ஹெட்போன் கட்டாயம்.

பேட்டி முடிந்ததும் அதே இடத்தில் யாரும் பேசாமல் 30 விநாடி பதியுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை இந்தக் கூடத்து ஓசைதான் மூடும். பெயர், பொறுப்பு, வெளியிடச் சம்மதம் மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே விருந்தினர் குரலில் வாங்கிவிடுங்கள்.